எங்கள் போர்டிகோவில் நின்ற கார்

வீடு கட்டியபோது என் கணவர் பிடிவாதம் பிடித்தது போர்டிகோவுக்கு மட்டும்தான். மனை சின்னது. முன்னால் அவ்வளவு இடம் விட்டால் கூடம் குறுகிப்போகும் என்று கொத்தனார் சொன்னார், நான் சொன்னேன், என் அண்ணனும் சொன்னான். அவர் கேட்கவில்லை. "ஒரு வண்டி நிக்கணும்ல" என்றார். என்ன வண்டி என்று யாரும் கேட்கவில்லை. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு மொபெட்.

அவர் அரசாங்க டிரைவர். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் முதலில் ஜீப்பும் பிறகு காரும் ஓட்டினார். அதிகாரிகள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அவர் அதே ஸ்டீயரிங்கின் பின்னால் இருந்தார். அந்த வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகும், வரும். ஒருநாளும் எங்கள் வாசலில் நின்றதில்லை.

நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஒரு மழைநாளில் பள்ளிக்கூடம் விட்டு, காற்றில் குடை மடங்கிப்போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றேன். அவர் ஜீப் என்னைக் கடந்து போனது. பின்சீட்டில் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஓடுன ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான் கணக்கு சொல்லணும். ஒன்ன ஏத்திக்கிட்டு வந்தத என்னன்னு சொல்றது?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி உதறி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். தலை துவட்ட அவரே துண்டு எடுத்து வந்து கொடுத்தார். அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றதும் பழைய காராவது ஒன்று வாங்குவார் என்று நினைத்தேன். மகளுக்குக் கல்யாணமாகி அவள் கோயம்புத்தூர் போனாள். பிறகு அவருக்குக் கண் ஆபரேஷன், பிறகு மாடியில் தண்ணீர் கசிவு. வண்டி பேச்சை அவரே எடுக்கவில்லை. போர்டிகோவில் மொபெட் நின்றது. மழைக்காலத்தில் துணி காயப்போட்டோம். மார்கழியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து கேரம் விளையாடும்.

அவருடைய அக்கா மகன் பிரான்சில் இருக்கிறான். அக்கா வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அவர் போய் எத்தனையோ காலம் ஆகியும் அந்த வீட்டுக்கு இன்னும் சொல்தா வீடு என்றுதான் பெயர். அந்தப் பையன் இங்கே இருந்த சின்ன வயதில் என் கணவரின் தோளிலேயே கிடப்பான். இப்போது அவனுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை, அந்த ஊர்க் கோடை விடுமுறையில் ஒரு மாதம் வருவான். வந்தால் தங்க இங்கே ஓர் அபார்ட்மெண்டில் வீடு வாங்கினான். போய்வர ஒரு வெள்ளைக் காரும் வாங்கினான்.

முதல் வருஷம் காரை அந்த அபார்ட்மெண்டின் கீழேயே உறை போட்டு மூடிவிட்டுப் போனான். அடுத்த வருஷம் வந்தபோது சங்கத்துக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இங்கே குடியிருந்து தினம் எடுத்து ஓட்டுகிறவர்களின் வண்டிக்குத்தான் கீழே இடம். மாதக்கணக்கில் மூடிவைத்த வண்டி நிற்கக்கூடாது, எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம் என்றார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. உறைக்குள் பெருச்சாளி குட்டி போட்டு, ஒயரையெல்லாம் கடித்து, ஒன்று செத்தும் கிடந்திருக்கிறது. நாற்றம் மாடி வரைக்கும் ஏறியிருக்கிறது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒங்க போர்டிகோ சும்மாத்தான கெடக்கு. வண்டிய இங்க விட்டுட்டுப் போகட்டா?"

"அதுக்கென்ன மாப்ளே? ஒன் வீடு மாதிரி. விட்டுட்டுப் போ."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவன் போனபிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போர்டிகோவை நீளம் அகலம் அளந்துகொண்டிருந்தார்.

கார் வருவதற்கு நாங்கள் கொஞ்சம் ஒதுங்க வேண்டியிருந்தது. மொபெட் தெருவுக்குப் போனது. மதிலோரம் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் சாக்கைப் போட்டு மூடினோம். துளசிச் செடி கொல்லைக்குப் போனது. வாசலில் சாக்கடை இருப்பதால் கார் ஏற ஒரு சரிவு வேண்டும். சிமெண்டில் போட்டால் ரோட்டுக்கு நீளும். அப்படி நீட்டக்கூடாது என்று நகராட்சியில் எதிர் வீட்டுக்காரர் போட்டதை இடித்துவிட்டார்கள். அதனால் இவர் பட்டறையில் சொல்லி இரண்டு இரும்புப் பலகை செய்துகொண்டார். கார் வரும்போது போடுவார். ஏறியதும் எடுத்து மதிலில் சாய்ப்பார்.

கார் உள்ளே வந்து நின்றபோது ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான் மிச்சம். காய்கறிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நான் வீட்டுக்குள் வருவேன்.

"வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்க மாமா. இல்லன்னா பேட்டரி எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். காரை வெளியே எடுத்ததும் நான் கேட்டைச் சாத்தப்போனேன்.

"பூட்டிட்டு வந்து ஏறு" என்றார்.

"எங்கங்க?"

"ரவுண்டு."

நான் பின்கதவைத் திறந்தேன். அவர் ஓட்டும் வண்டியில் ஆட்கள் பின்னால்தானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் சிரித்துவிட்டார். "முன்னாடி வா. இன்னிக்கி நான் டூட்டியில இல்ல."

அப்படித் தொடங்கியது. தெற்கே போகமாட்டார். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி லாரிகள் போகிற வழி, வெள்ளைக் காரில் கரி படியும் என்பார். கடற்கரைக்கும் போகமாட்டார், உப்புக்காற்று. திருநள்ளாறுக்குப் போவோம், சனிக்கிழமைக் கூட்டம் வடிந்து ஞாயிறு காலையில் ரோடு காலியாக இருக்கும். இல்லாவிட்டால் வடக்கே பூவம் வரைக்கும். அங்கே ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்துவார். அவர் இறங்கி நின்று குடிப்பார். எனக்கு ஜன்னல் வழியாக டம்ளரை நீட்டுவார்.

காரில் அவர் பேசினார். வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்கிறவர், அவ்வளவுதான். வேலையில் இருந்த காலமெல்லாம் பின்சீட்டில் பேசுவதைக் கேட்டும் கேட்காதவர் போல ஓட்டிப் பழகியவர். இப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் எங்கிருந்தோ பேச்சு வந்தது. ஓர் அதிகாரி தினமும் வண்டியில் ஏறியதும் அழுவாராம். ஆபீஸ் வாசல் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்குவாராம். என்ன காரணம் என்று இவர் கேட்டதில்லை. "நம்ம கேக்கக்கூடாதுல்ல" என்றார். எனக்குத் தெரியாமலே என் பக்கத்தில் ஒரு மனுஷன் இவ்வளவையும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று நான் காத்திருக்க ஆரம்பித்தேன். அந்த வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷமும் அக்கா மகன் வந்தான், காரை ஓட்டினான், துடைத்து வைத்ததற்கு நன்றி சொன்னான், போனான். அவன் போன அந்த ஆவணியில் மாயவரத்தில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகளுக்கு. பஸ்ஸில் போகலாம் என்றேன்.

"பட்டுப்புடவைய கட்டிக்கிட்டுக் கூட்டத்துல ஏன் இடிபடணும்? வண்டியிலயே போயிட்டு வந்துருவோம்" என்றார்.

மண்டப வாசலில் கார் நின்றபோது என் பழைய பள்ளிக்கூடத் தோழிகள் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள். "டீச்சர் கார்லல்ல வர்றாங்க!" என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். அவர் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். வேண்டுமென்றேதான் செய்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

பந்தியில் உட்கார்ந்திருந்தோம். இலையில் பாயசம் விழுந்த நேரம், அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. வீடியோ கால். பிரான்சிலிருந்து. இடது கையால் எடுத்தார். அவன் முகம் தெரிந்தது. அப்போதுதான் எழுந்திருப்பான் போல, தலை கலைந்திருந்தது.

"மாமா, எங்க இருக்கீங்க? வண்டி மாயவரத்துல நிக்கிறதா என் ஃபோன்ல காட்டுது. யாராச்சும் திருடிட்டுப் போயிட்டாங்களா?"

கார் எங்கே போனாலும் அவன் ஃபோனில் தெரியும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. அவன் பயந்துதான் கேட்டான். குரலில் வேறொன்றும் இல்லை. ஆனால் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லைங்க. நான்தாங்க எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையிடம் 'ங்க' போட்டுப் பேசினார். அவருக்கே தெரியாமல் வந்தது அது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அவனுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அய்யோ, நீங்களா? சரி மாமா, பரவால்ல. தூரமா எடுத்துட்டுப் போறதுன்னா ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் பயந்துருக்க மாட்டேன், அவ்ளோதான். சாப்புடுங்க மாமா" என்று வைத்துவிட்டான்.

பாயசத்தை அவர் தொடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார். திரும்பி வரும் வழியில் பூவம் வந்தது, டீக்கடை வந்தது, வண்டி நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றிக்கொண்டு, வெயில் தாழ்வதற்குள் காரைக் கழுவித் துடைத்து, உறையைப் போட்டு, நாலு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

அதற்குப் பிறகு அவர் அதை வெளியே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறையை விலக்கி, உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். கேட் சாத்தியே இருக்கும். இன்ஜின் ஓடும். அவர் ஸ்டீயரிங்கில் கை வைக்காமல் மடியில் கை கோத்து உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டு இறங்குவார்.

"பூவம் வரைக்கும் போயிட்டு வருவோமாங்க?" என்று நானாகவே கேட்டுப் பார்த்தேன்.

"வேணாம்."

எனக்குக் கோபம் அவன்மேல்தான். ஒருநாள் அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் நானே பிரான்சுக்குக் கூப்பிட்டேன். அவன் பதறிப்போனான். "அத்தை, நான் அப்புடி நெனச்சு கேக்கவே இல்லையே. மாமா தாராளமா எடுத்து ஓட்டட்டும். நீங்க சொல்லுங்க அவர்கிட்ட" என்றான். சொன்னேன்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "அவன் தாராளமாத்தான் சொல்றான். எனக்குத்தான் தாராளம் வரல" என்று உள்ளே போனார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. மழை நாட்களிலும் ஞாயிறு தவறாமல் இன்ஜின் சத்தம் கேட்கும். நான் சமையற்கட்டிலேயே இருந்துகொள்வேன்.

கார்த்திகையில் ஒரு காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். நெஞ்சைப் பிடித்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. "வாயுதான், சுடுதண்ணி குடு" என்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். முஸ்லிம் குடும்பம், அவர் பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் கேரம் ஆடி வளர்ந்தவர்கள். வாசலில் நின்று கத்தினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஓடி வந்தார். எதிர் வீட்டிலிருந்தும் இருவர் வந்தார்கள்.

நாற்காலியோடு தூக்கலாம் என்றார்கள். முடியவில்லை. காருக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலி நுழையவில்லை. கடைசியில் ஒருவர் அக்குளில் கை கொடுத்து, ஒருவர் காலைப் பிடித்து, ஒருக்களித்து ஒருக்களித்துக் கொண்டுபோனார்கள். உறையில் அவர் தோள் உரசியது.

"பாத்து... சைடு கண்ணாடியில இடிச்சிறப் போறீங்க" என்றார்.

எங்கள் வீட்டில் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தார். பெரியாஸ்பத்திரியில் உடனே பார்த்தார்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து என்னை உட்காரச் சொன்னார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் கிடத்த இடம் வேண்டியிருந்தது. கூடம் போதாது. ஆட்டோக்காரர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், வண்டிய எடுத்துத் தெருவுல விடட்டா? சாவி எங்க இருக்கு?"

ஆணியில் மாட்டியிருக்கிறது என்று கை காட்டினேன். அவர்தான் இரும்புப் பலகைகளைப் போட்டு, உறையை உருவி, காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினார். காலியான போர்டிகோவைக் கழுவிவிட்டார்கள். என் கணவரை அங்கே கிடத்தினார்கள். வந்தவர்கள் உட்கார இடம் தாராளமாக இருந்தது.

அக்கா மகன் கருமாதிக்கு வந்து சேர்ந்தான். மொட்டை போட்டிருந்தான். சடங்கெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும், போர்டிகோவில் வெறும் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தெருவில் கார் அப்படியே நின்றது. கண்ணாடியெல்லாம் புழுதி. அடியில் ஓர் ஆடு படுத்திருந்தது.

"வண்டி வாசல்லயே இருந்துச்சே அத்தை. ஏன் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனீங்க?"

"இந்த வீட்டுல ஓட்டத் தெரிஞ்சவரு ஒருத்தர்தான் தம்பி. அவருக்குத்தான் முடியல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே சொன்னான்.

"மாமா போன அன்னிக்கி நான் ரயில்ல வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தேன் அத்தை. வண்டி வீட்ட விட்டு வெளில வந்துருக்குன்னு ஃபோன்ல காட்டுச்சு. அப்பாடா, மாமா எடுத்துட்டாங்கன்னு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. எந்தப் பக்கம் போறாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வண்டி நவுரவே இல்ல. ஒங்களுக்காகத்தான் வாசல்ல நிக்கிறாங்க போலன்னு நெனச்சேன். அப்பறம்தான் ஒங்க மக ஃபோன் பண்ணுச்சு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மாயவரத்துப் பேச்சை அவனும் மறக்கவில்லை, அத்தனை மாதமும் அவனும் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அப்போது புரிந்தது. அவனைக் கோபித்துக்கொள்ள நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் மொட்டைத் தலையில் கை வைத்தேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் காலையில், "வண்டி ஒங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. ஒரு டிரைவர் போட்டுக்கலாம். ஆஸ்பத்திரி, கோயிலுன்னு போக ஒங்களுக்கு வேணும்ல?" என்றான்.

"வேணாம்ப்பா. போகும்போது எடுத்துட்டுப் போயிடு."

அவன் வற்புறுத்தவில்லை. ஊருக்குப் போவதற்கு முன்பே நாகப்பட்டினத்தில் யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டான். வாங்கினவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து, நல்லா வச்சிருந்துருக்கீங்க என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது ராத்திரியில் ஆட்டோக்காரரின் வண்டி எங்கள் போர்டிகோவில் நிற்கிறது. அவர் வீட்டு முன்னால் இடம் இல்லை; தெருவில் விட்டால் பேட்டரி திருட்டு, அதோடு குறுக்கே நிற்கிறது என்று மற்றவர்களின் சண்டை. கூச்சப்பட்டுக்கொண்டுதான் கேட்டார். விடுங்க என்றேன். விடியற்காலையில் சத்தம் வராமல் தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறார். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறார். தள்ளவேண்டாம், அந்தச் சத்தம் கேட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று இன்னும் அவரிடம் சொல்ல முடியவில்லை. ஒன்றுமில்லை என்பது உண்மையா என்று எனக்கே தெரியாது.

மகள் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுகிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்துவிடு, தனியாக என்ன செய்வாய் என்கிறாள். அங்கே ஓர் அறை ஒதுக்கி வைத்திருக்கிறாளாம் எனக்காக. பொங்கல் கழியட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். போகமாட்டேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். சரிம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.